நற்சான்றிதழ்

உயர்தரம் முடித்து வெளியேறும் மாணவனொருவனுக்கு நற்சான்றிதழ் எழுத அமர்ந்தோம். 2023ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ட், கூகிள் நிறுவனங்கள் தத்தம் எழுத்துச் செயலிகளிற் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைப் புகுத்தின. அத்தகைய ஒன்று இன்று எமது பாடசாலைக் கணினியிலும் உண்டு. பெயரையும் வகுப்பையும் கொடுத்தோம். கணப்பொழுதில் நல்ல தமிழில் ஒரு பந்தி வந்தது: "விளையாட்டுத்துறையிற் சிறந்து விளங்கியவர்."

அவன் மைதானத்திற் கால் வைத்தவனல்லன். இரவிலே தந்தையோடு கடலுக்குப் போகிறவன்.

இயந்திரம் பொய் சொன்னதென்றும் கூறுவதற்கில்லை. பொய்யனுக்கு உண்மை தெரியும். இதுவோ கணக்கற்ற எழுத்துக்களிலே பயின்று, ஒரு சொல்லையடுத்து எச்சொல் வரக்கூடும் என்று கணிப்பது. நற்சான்றிதழ்களில் விளையாட்டு வருவது வழக்கம், ஆகவே வந்தது. நாம் மட்டுமென்ன, ஆண்டுதோறும் ஒரே வாசகத்தைப் பிரதிசெய்து ஒப்பமிட்டவர்கள்தாமே!

முன்வாங்கிலே தூக்கத்தோடு போராடிய அந்தக் கண்களைப் பற்றி அப்பந்தியில் ஒரு சொல்லுமில்லை. அழித்தோம். "விடியுமுன் வலை இழுத்துவிட்டு வந்தும் ஒருநாளேனும் பாடந் தவறாதவர்" என்று எழுதினோம்.

அதிபர் படித்தார். வலையைப் பற்றியெல்லாம் சான்றிதழில் எழுதுவது முறையோ என்று கேட்டார்.