யாருடைய பணம் அது?

நேரடி விற்பனைத் தொழிலில் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் நடக்கும் பாடம் ஒன்று உண்டு. ஜனங்கள் என்னென்ன சொல்லித் தட்டிக்கழிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் சொல்லி அவர்களை வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் அது. "நேரமில்லை" என்றால், பெரிய பணக்காரருக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான் என்று சொல்ல வேண்டும். "கையில காசு இல்ல" என்றால், அதனால்தான் நீங்கள் சேர வேண்டும் என்று சொல்ல வேண்டும். "இது சங்கிலி யாவாரம்தான அண்ணாச்சி" என்றால், எந்த வியாபாரம்தான் சங்கிலி இல்லை என்று மடக்க வேண்டும். இந்தத் தொழிலுக்குள் இருந்துகொண்டே சொல்கிறேன், இந்தப் பாடம் தலைகீழானது. உப்பும் மீனும் கப்பல் சரக்கும் கைமாறும் தூத்துக்குடியில், மறுப்புச் சொல்லுகிறவர் எந்த வார்த்தையில் சொன்னாலும் கேட்பது ஒன்றைத்தான்: எனக்கு வரப்போவதாகச் சொல்கிறீர்களே, அந்தப் பணம் யார் கையிலிருந்து வரும்? அதற்குக் கணக்கில் பதில் இருந்தால் தொழில் செய்யலாம். பதில் இல்லாமல் பேச்சால் மடக்கினால் அது ஏமாற்று.

"முதல்ல சேர்ந்தவனுக்குத்தான் லாபம்" என்ற மறுப்பை எடுத்துக்கொள்வோம். ஆள் சேர்க்கும் திட்டத்தை விளக்கி, அதாவது பிளான் காட்டுகிறவர் பலகையில் வட்டம் போடுவார். நீங்கள் ஆறு பேரைச் சேர்க்கிறீர்கள், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்கிறார்கள். மூன்றாவது வரிசையோடு பேனாவை மூடிவிடுவார். மூடாமல் போட்டுக்கொண்டே போனால் எட்டாவது வரிசையில் மட்டும் 16,79,616 பேர் நிற்பார்கள். அதற்கு மேலுள்ள வரிசைகளையும் கூட்டினால் 20,15,538 பேர். 2011 கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தின் ஜனத்தொகை, கைக்குழந்தைகளையும் சேர்த்து, 17,50,176தான். எட்டு வரிசைக்கே மாவட்டம் போதவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தப் பெருக்கம் எந்த வரிசையில் நின்றாலும், சேர்ந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்குப் பேர் கீழே ஒருவரும் இல்லாத கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். உழைப்பு போதவில்லை என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெருக்கல் வாய்ப்பாடு அவர்களை அங்கே நிறுத்தியிருக்கிறது.

உப்பு வியாபாரத்திலும் சங்கிலி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. உப்பளக்காரர், மொத்த வியாபாரி, லாரிக்காரர், பலசரக்குக் கடைக்காரர் என்று ஆளுக்கொரு லாபம் எடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சங்கிலி ஓர் அடுப்படியில் போய் முடிகிறது. உப்பை வாங்கியவள் சமைக்கிறாள்; உப்பு ஏஜென்ட் ஆக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லை. தின்கிற வாய் எத்தனையோ அத்தனைக்குத்தான் கடைகள் பெருகும். வாங்குகிறவர் எல்லோரும் விற்கிறவராகவும் ஆக வேண்டும் என்ற இடத்தில்தான் சங்கிலி யாவாரம் கெட்ட பெயர் எடுக்கிறது.

அடுத்தது, "சொந்தக்காரங்ககிட்ட போய் எப்படிக் கேக்கிறது?" என்ற கூச்சம். சொந்தத்தையும் பழக்கத்தையும் நம்பிப் பணம் திரட்டுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. மகமை என்று ஆளுக்கொரு பங்கு போட்டுப் பொதுநிதி வைத்துப் பழகிய நாடார் வணிகர்கள் 1921-ல் இங்கே தொடங்கிய நாடார் பேங்க்தான் 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் என்று பெயர் மாறியது. 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்தின் மூலதனம் 10 லட்ச ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். வங்கிக்கு வருமானம் கடன் வாங்கியவர் கட்டிய வட்டி. கப்பலுக்கு வருமானம் கொழும்புக்குப் போன பயணியும் சரக்கும் கொடுத்த கூலி. வெள்ளைக்காரக் கம்பெனியின் கட்டணப் போட்டியிலும் 1908-ல் வ.உ.சி. சிறை சென்றதிலும் சங்கம் நொடித்தது, 1911-ல் கலைக்கப்பட்டது. பங்குதாரர் பணம் போனது உண்மை. ஆனாலும் புதுப் பங்குதாரரின் 25 ரூபாயைப் பழையவருக்கு லாபமென்று பிரித்துக் கொடுக்க நடந்த கம்பெனி இல்லை அது. ஆகவே உறவினரிடம் போவது குற்றமில்லை. எதைக் கொண்டுபோகிறோம் என்பதுதான் கேள்வி.

"ரிஸ்க் எடுக்காமல் தொழில் உண்டா? முத்துச்சிப்பியைத் திறக்காமலேதானே ஏலம் எடுத்தார்கள்" என்று நம் கடற்கரைப் பெருமையையே பதிலாகத் தருகிறவர்களும் உண்டு. சிப்பியை ஆயிரக்கணக்கில் மூடியபடியே ஏலம் விட்டது சரிதான். ஆனால் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன்பே அரசாங்கம் சிப்பி விளையும் கடலடிப் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்தை மதிப்பிட்டது. அந்தச் சூதாட்டத்திலும் முன்கூட்டி ஒரு கணக்கு இருந்தது. நம் கூட்டங்களில் கார் வாங்கியவரை மேடையேற்றுகிறோம். சேர்ந்தவர்களின் சராசரி வருமானம் என்ன, சென்ற வருடம் எத்தனை பேர் விலகினார்கள் என்ற மாதிரிச் சிப்பியைத் திறந்து காட்டுவதில்லை.

பணம் யார் கையிலிருந்து வருகிறது என்ற இந்த இடத்தில்தான் சட்டமும் கோடு போடுகிறது. பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ம் ஆண்டின் சட்டமே தடை செய்துவிட்டது. சேருவதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்று 2016 வழிகாட்டு நெறிமுறைகள் கூறின. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் பிரமிடு திட்டத்தைத் தடுத்ததோடு, "நாலு பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட காசு வந்துவிடும்" என்று சொல்லிப் பொருளை விற்பதையும் தடுக்கின்றன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வீட்டு வாசலில் நிற்கவும் கூடாது. அமெரிக்காவில் 1979-ல் நேரடி விற்பனை நிறுவனமான ஆம்வேயின் வழக்கில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தைப் பிரமிடு அல்ல என்று விட்டதற்குக் காரணம், மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்க வேண்டும், வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தைத் தள்ளிவிட வேண்டும், விற்காததைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று அது வைத்திருந்த விதிகள். அதே ஆம்வேயின் இந்தியச் சொத்துகள் 757 கோடி ரூபாய் அளவுக்கு 2022-ல் அமலாக்கத் துறையால் முடக்கப்பட்டன. பெயர் பெரிதாக இருப்பது கணக்குக்கு மாற்றாகாது.

"நானே உபயோகிக்கிறேனே, நானும் வாடிக்கையாளர்தானே" என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் வலுவான பதில். அதற்கும் கணக்குப் போடலாம். ஐடி, அதாவது சேர்ந்தவருக்குத் தரும் உறுப்பினர் எண், உயிரோடு இருக்க மாதம் 3,000 ரூபாய்க்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குத் தேவை 1,000 ரூபாய்ச் சரக்கு. மீதி 2,000 பீரோவுக்குள் போகிறது. கூட்டத்துக்குப் போய்வரச் செலவு 500. கமிஷன் 1,200 வரவு என்று செல்போனில் செய்தி வருகிறது. அவர் வீட்டில் சொல்வது 1,200 வருமானம். உண்மையில் கைநஷ்டம் 1,300. பிளான் இல்லாவிட்டாலும் இந்த விலைக்கு இதை வாங்குவேனா என்று கேட்டு, ஆம் என்று சொல்ல முடிந்த சரக்கு மட்டுமே உபயோகக் கணக்கு.

அப்படியானால் இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லையா? உண்டு. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மூடிக்கு எவ்வளவு தண்ணீர், ஒரு வேளைக் கழுவலுக்கு எத்தனை காசு விழுகிறது, கடை சோப்பைவிட அது லாபமா என்று அடுப்படியிலேயே செய்து காட்டத் தெரிய வேண்டும். யார் வீட்டில் எப்போது பாட்டில் தீரும் என்று தெரிய வேண்டும். ஒத்துக்கொள்ளாத சரக்கை முகம் சுளிக்காமல் திருப்பி வாங்கத் தெரிய வேண்டும். இது மெதுவான வருமானம், பெரும்பாலும் சிறிய வருமானம். அதை அப்படியே சொல்லி விற்கலாம்.

ஆகவே பிளான் காட்ட வருகிறவரிடம் வாதாடாதீர்கள். மூன்று மாத பில் புத்தகத்தைக் கேளுங்கள். அதில் ஐடி இல்லாத வாடிக்கையாளர் எத்தனை பேர், அவர்களில் மறுபடி வாங்கியவர் எத்தனை பேர் என்று பாருங்கள். காட்டினால் உட்கார்ந்து கேளுங்கள். காட்டாவிட்டால், எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.