பெர்மிட்டுக்காரர்

உங்கள் தோட்டத்தில் காலைப் பெரட்டில் நிற்கும் முகங்களை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் சிறுவனாக இருந்தபோது அங்கே தமிழ்க்குரல்தான் கேட்கும். இன்று எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் இந்தோனேசியர், வங்காளதேசத்தார், நேபாளத்தார்.

"இவனுங்க வந்துதான் நம்ம சம்பளம் ஏறல, வாத்தியாரே" என்று நம்மவர் குறைப்படுவதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. 1984-இல் மேடான் உடன்படிக்கை வழி இந்தோனேசியத் தொழிலாளர்களைக் கொண்டுவர வழி பிறந்தது. மலிவாகக் கை கிடைக்கும்போது எந்த நிர்வாகம் தானாகக் கூலியை உயர்த்தும்? ஆனால் நம் பிள்ளைகள் டவுனுக்குப் போய்விட்டார்கள். போகச் சொன்னவர்களில் நானும் ஒருவன். 2020-இல் கொரோனாவால் ஆள் வரவு நின்றபோது, வெட்ட ஆளின்றிப் பல தோட்டங்களில் செம்பனைப் பழம் மரத்திலேயே அழுகியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் சம்பளச் சீட்டு. "சிக்கு, இதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று உடைந்த மலாயில் கேட்டார். குலை எண்ணிக்கை, பிடித்தம் எல்லாம் விளக்கினேன். தேநீர் குடித்தபோதுதான் மற்றதெல்லாம் வந்தது. ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கொடுத்திருக்கிறார். கடப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று கேட்டும் தரவில்லையாம்.

நம் பாட்டன்மார் கங்காணி பின்னால் வந்தவர்கள்தாம். ஆனாலும் 1907-இல் தொடங்கிய குடிவரவு நிதி, தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்து அவர்களின் கப்பல் செலவை ஏற்றது. 1938-இல் இந்திய அரசு அந்த வரவை நிறுத்தியது. இந்தப் பையனோ, ஒரு குலை வெட்டுமுன்பே கடன்காரன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பெரிய தாத்தா இந்த மண்ணில் முப்பது வருடம் பால் வெட்டியவர். சிவப்பு அடையாள கார்டுக்காரர். 1969-இல், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்று ஆனது. அவருக்குக் கிடைக்கவில்லை. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினம் போனவர் திரும்பவே இல்லை. அவரைப் போலப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். 'பெர்மிட்' என்ற சொல் காதில் விழுந்தால் என் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

இதெல்லாம் தெரிந்த நான் அன்றிரவு என்ன செய்தேன்? பிறர் கடப்பிதழை அதிகாரமின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டார். எங்கள் பள்ளி நிற்பது தோட்டத்து நிலத்தில். தண்ணீரும் தோட்டத்துத் தண்ணீர். "அடுத்த வாரம் வாருங்கள், தம்பி" என்றேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. வேறு டிவிஷனுக்கு மாற்றிவிட்டதாக மண்டோர் சொன்னார். ஓடிவிட்டதாக வேறு சிலர் சொன்னார்கள். இவர்களின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. ஓடினால் அன்றே சட்டவிரோதக் குடியேறி. அவர் தாயைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது.

போன மாதம் இன்னொருவர் வந்தார், நேபாளத்துக்காரர். அதே கடப்பிதழ்க் கதை. என் மனைவி ஒன்றும் பேசாமல் பேனாவையும் தாளையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அன்றிரவே எழுதி, மறுநாள் பள்ளி விட்டதும் டவுனுக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ரசீதை அவரிடமே கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.