நீர் வடியும் பருவத்தில் பந்தனால்

பிரேசிலின் போகோனேயிலிருந்து தெற்கே இறங்கும் டிரான்ஸ்பந்தனேரா மண்சாலை ஏறக்குறைய 145 கிலோமீட்டர் ஓடுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். போர்த்தோ ஜோஃப்ரேயில் குயாபா ஆறு குறுக்கிடச் சாலை முடிந்துவிடுகிறது. கொரும்பா வரை போயிருக்க வேண்டிய சாலை இது. போகாமல் நின்றது நல்லதாயிற்று. இதற்கப்பால் அலுமினியப் படகுதான்.

*

பந்தனால் என்பது பிரேசில், பொலிவியா, பராகுவே மூன்றிலுமாகச் சுமார் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் சதுப்பு. நிலத்தின் சரிவோ கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர்தான். வடக்கே பெய்த மழை தெற்கே போய்ச் சேர மூன்று நான்கு மாதம் ஆகிறது. வடக்கில் சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கும்போது தெற்கில் வெள்ளம் உச்சத்தில் நிற்கும்.

ஜூலைக்குப் பிறகு வடக்கில் நீர் சுருங்குகிறது. மீன்கள் குட்டைகளில் அடைபடுகின்றன. மீனுக்காகக் கொக்கும் நாரையும் வருகின்றன, கெய்மன் முதலைகள் வருகின்றன, அவற்றுக்காக ஜாகுவார் வருகிறது. வேட்டை விலங்கு இரையைத் தேடி அலைவதாகவே படித்து வளர்ந்தோம். இங்கே நீர்தான் இரையைத் திரட்டிக் கரையோரம் சேர்த்து வைக்கிறது.

*

படகோட்டிகள் ஜாகுவாரை ‘ஒன்ஸா’ என்கிறார்கள். வானொலிக் கருவியில் அந்தச் சொல் கேட்டதும் எல்லாப் படகுகளும் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. ஒவ்வொன்றின் முகப்புள்ளியும் அவர்களுக்கு மனப்பாடம்.

நாங்கள் பார்த்தது ஒரு ஆண். இந்தப் பக்கத்து ஆண்கள் நூறு கிலோவைத் தாண்டுகின்றன. கரையை ஒட்டி நடக்கும், நின்று கேட்கும், சத்தமில்லாமல் நீரில் இறங்கித் தலை மட்டும் தெரிய நீந்தும், மறுபடி ஏறும். வெயில் காயும் கெய்மன்கள் வாயைத் திறந்தபடி கிடக்கின்றன. இரண்டரை மீட்டர் வரை வளரும் பிராணி, வாய் நிறையப் பல். அதன் மீது மேட்டிலிருந்து பாய்ந்து, தலைக்குப் பின்னால் பிடரியைக் கவ்வி எலும்பை உடைத்துவிடுகிறது ஜாகுவார். சிங்கத்தைப் போல இரையின் மூச்சை அடைத்துக் காத்திருப்பதில்லை. பல பாய்ச்சல்கள் வெறும் தண்ணீரில் முடிகின்றன. அப்போது அது சேற்றை உதறிவிட்டு, அடுத்த வளைவை நோக்கி நடக்கிறது.

*

கேப்பிபாராவைத்தான் அதிக நேரம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உலகின் மிகப் பெரிய கொறிவிலங்கு. ஐம்பது கிலோவுக்கும் மேல் எடை. கண், காது, மூக்கு மூன்றும் தலையின் உச்சியில் அமைந்திருப்பதால், உடம்பு முழுக்க நீரில் இருந்தாலும் பார்க்கலாம், கேட்கலாம், மோப்பம் பிடிக்கலாம். கூட்டமாக மேய்கையில் ஒன்றாவது தலையை நிமிர்த்தி வைத்திருக்கிறது. அது ஒரு முறை குரைத்தால் போதும், அத்தனையும் நீருக்குள். ஆனால் நீருக்குள் கெய்மன், குட்டிகளைப் பிடிக்கும். கரையிலும் நிம்மதியில்லை, ஆற்றிலும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவே நிதானமாகப் புல் மேய்கின்றன, குட்டிக்குப் பால் கொடுக்கின்றன. ஜாகுவாரின் பாய்ச்சலைவிட என்னை அசைத்தது அந்த நிதானம்.

அவை மேய்வதில் ஆகாயத்தாமரையும் உண்டு. நம் ஏரிகளை மூச்சுமுட்ட வைக்கிற அதே செடி. தென்னமெரிக்காதான் அதற்குத் தாய்மண். இங்கே வெள்ளம் வந்து அதை அள்ளிக்கொண்டு போகிறது, தின்னவும் ஆள் இருக்கிறது.

*

தையமா என்ற பாதுகாப்புத் தீவில் ஆய்வாளர்கள் கண்டது: அங்குள்ள ஜாகுவார்கள் பெரும்பாலும் மீனையும் நீர்வாழ் ஊர்வனவற்றையும் தின்று வாழ்கின்றன. பாலூட்டிகளின் பங்கு மிகக் குறைவு. உணவு தாராளமாக இருப்பதால் எல்லைச் சண்டை தளர்ந்து, வளர்ந்தவைகூட ஒன்றாகத் திரிந்து விளையாடுகின்றன. தனிமை இந்த விலங்கின் பிறவிக்குணம் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அது பசியின் கணக்காகவும் இருக்கலாம் போல.

*

ராட்சத நீர்நாய்க் குடும்பம். ஒன்றே முக்கால் மீட்டர் நீளம். ஒவ்வொன்றின் தொண்டையிலும் வேறு வேறு வெள்ளைத் திட்டு. ஒரே குரலில் சீறிக்கொண்டு எழுந்தால் ஜாகுவாரே விலகிப்போகும்.

*

டூக்கன் பறவையைப் பற்றிச் சொல்ல ஒரு கிளியிலிருந்து தொடங்க வேண்டும். ஹயசிந்த் மக்கா என்னும் நீலப் பெருங்கிளி இங்கே ஏறக்குறைய முழுக்க மந்துவி என்ற ஒரே மரத்தின் பொந்துகளில்தான் கூடு வைக்கிறது. பொந்து விழ மரத்துக்கு அறுபது வயதாவது ஆக வேண்டும். டோக்கோ டூக்கன் அந்தக் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்கிறது. மந்துவி விதைகளை விழுங்கித் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவதிலும் அதற்கே முதலிடம். டூக்கனை விரட்டினால் கிளிக்குஞ்சுகள் பிழைக்கும். நாளைக்குக் கூடு வைக்க மரம் இருக்காது. கொல்வது யார், வாழவைப்பது யார் என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் இந்த ஒரு மரத்தடியிலேயே தடுமாறிப்போகிறது.

*

2020. பந்தனாலின் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் எரிந்தது. இந்தப் பக்கம் ஆறுகள் கூடும் இடத்திலுள்ள என்கோன்ட்ரோ தாஸ் ஆகுவாஸ் பூங்காவில் பெரும்பகுதி சாம்பல். பாதங்கள் வெந்த ஓசாடோ என்ற ஆண் ஜாகுவாரைப் பிடித்து, சிகிச்சை தந்து, சில வாரங்களில் இதே காட்டில் விட்டார்கள். எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2024 அக்டோபரில் லடாரியோ ஊரின் நீர்மட்ட அளவுகோலில் பராகுவே ஆறு, 1900இல் பதிவு தொடங்கியபின் இதுவரை காணாத அளவுக்குத் தாழ்ந்தது. நீர் திரட்டித் தராத ஆண்டில் கெய்மன் எங்கே போகும், ஜாகுவார் எதைத் தின்னும்? தீயைவிட இந்தக் கேள்விதான் எனக்கு அச்சம் தருகிறது.

*

பிரேசில் பக்கத்துப் பந்தனாலில் பெரும்பங்கு தனியார் மாட்டுப்பண்ணைகள். கன்றைக் கொன்ற ஜாகுவாரைச் சுடுவது பழைய வழக்கம். போர்த்தோ ஜோஃப்ரே வட்டாரத்தைப் பற்றி 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்கு: ஜாகுவாரைப் பார்க்க வருபவர்களால் ஆண்டுக்கு 68 லட்சம் டாலர் வருமானம், மாடுகளை இழப்பதால் வரும் நட்டம் சுமார் 1.2 லட்சம் டாலர். ஆனால் வருமானம் விடுதிக்காரருக்கு, நட்டம் பண்ணைக்காரருக்கு. இதைச் சரிசெய்யாமல் துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்ல முடியாது.

*

ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரே ஜாகுவாரைச் சுற்றிப் பல படகுகள். அது நீந்திக் கடக்கப் பார்க்கும்போது எதிர்க்கரையை மறித்து நிற்பவர்களும் உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு ஆற்றின் மறுபாதியில் நிற்க வேண்டும். எங்கள் படகோட்டி அப்படித்தான் நிறுத்தினார். படம் சரியாக விழவில்லை என்று உடன் வந்த ஒருவர் முணுமுணுத்தார். படகோட்டி அசையவில்லை. ஒரு விலங்கைச் சுற்றி இத்தனை படகுகள்தான் என்று வரம்பு வைத்து, மீறுவோரின் அனுமதியைப் பறிக்க வேண்டும்.