நான் எழுந்தது யாருக்காக?



ஹட்டனில் காலை பஸ் ஏறி, கொட்டகலை தாண்டி, டெவன், சென் கிளயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்தபடி தலவாக்கலைக்கு வேலைக்குப் போகிறவள் நான். குளிரும் நெரிசலும் பழகிவிட்டன.

ஒருநாள் கொட்டகலையில் ஏறிய பெண்மணியைக் கண்டதும் பஸ்ஸே பரபரத்தது. நம் வீட்டு வானொலியில் அன்றாடம் ஒலிக்கும் குரலுக்குச் சொந்தக்காரர்! “இங்க உட்காருங்க” என்று சட்டென எழுந்தேன்.

அவர் அமரவில்லை. என் பக்கத்தில் கைக்குழந்தையும் கிளினிக் கொப்பியுமாக நின்ற தோட்டத்துத் தாயைப் பார்த்து, “தங்கச்சி, புள்ளையோட நீங்க உட்காருங்க” என்றார்.

அந்தத் தாய் ஹட்டனிலிருந்தே நின்றுகொண்டு வந்தவள். நான் பார்க்காமலில்லை, எழத்தான் தோன்றவில்லை. வெட்கத்தால் குனிந்துகொண்டேன்.

அன்றிரவு குர்ஆனின் 80ஆவது அத்தியாயமான ‘அபஸ’ நினைவுக்கு வந்தது. குறைஷித் தலைவர்களுக்கு மார்க்கத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்களிடம், பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்தார்கள். அப்போது நபியவர்கள் முகம் திருப்பியதை அல்லாஹ் சுட்டிக்காட்டி உணர்த்தினான். மார்க்கப் பணியின் நடுவிலேயே அப்படியென்றால், வெறும் புகழுக்காக எழுந்த என் நிலை என்ன?

இப்போதெல்லாம் ஆசனம் கிடைத்ததும், நிற்பவர்கள் யாரென்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். நாளைக் காலை நீங்களும் பாருங்கள், சகோதரிகளே.