வெடிச் சத்தமில்லாத தீபாவளி

மாமியார் காலமாகி வருஷம் திரும்பவில்லை. எங்களுக்குத் தீபாவளி கிடையாது. கயத்தாற்று வீட்டில், அவர் முறுக்குப் பிழியும் மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இவருக்குத் தெம்பில்லை. பண்டிகைக்குப் பயந்து இருவரும் சிங்கப்பூருக்கு ஓடினோம். அங்கேயும் தீபாவளிக்கு அரசாங்க விடுமுறை என்பது நினைவிலேயே இல்லை. நான் பத்திரிகைக்காரி வேறு. வெட்கம்தான்!

விடியற்காலையில் விழித்தால், ஒரு வெடிச் சத்தமில்லை. 1972 முதல் அங்கே பட்டாசுக்குத் தடையாம். தீப்பெட்டிச் சீமையில் பிறந்த எங்களுக்கு அது அதிசயம். ஊரிலானால் முதல் வெடிக்கு முன்பே அத்தை இவரை எழுப்பி, தலையில் எண்ணெய் வைத்துவிடுவார். அந்த நிசப்தம் அன்று இவருக்குத் தேவையாக இருந்தது.

சிராங்கூன் சாலையில் நடந்தோம். வீரமாகாளியம்மன் கோயிலருகே ஒரு பாட்டியம்மாள் எங்கள் பழைய உடைகளைக் கவனித்துவிட்டார்.

"எந்த ஊரும்மா?"

"கயத்தாறு."

"கட்டபொம்மனைத் தூக்கிலே போட்ட ஊரா? ஏன் புதுத்துணி உடுத்தலே?"

சொன்னேன். அவர் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, இரண்டு அதிரசங்களை இவர் கையில் வைத்தார்.

"பண்டிகையில்லாத வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரங்கதானே பலகாரம் கொடுக்கணும்? சாப்பிடு தம்பி."

பதினொரு மாதமாக இனிப்பைத் தொடாத மனிதர், நடுத்தெருவில் நின்று இரண்டையும் தின்றார். எனக்கு ஒரு விள்ளல்கூடக் கிடையாது!

என் கைப்பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருந்தது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்று பெருமையடித்துக்கொண்டே நீட்டினேன்.

"எனக்குப் பல் ஏது?" என்று சிரித்தார் பாட்டி. ஆனாலும் பொட்டலத்தைத் திருப்பித் தரவில்லை.

மாலையில், "விளக்கு அலங்காரம் பார்க்கப் போகலாமா?" என்று முதலில் கேட்டவர் இவர்தான்.