மாதிரிக்குள் இல்லாத வயது

முப்பத்தொரு வயதில் எலும்புப்புரையா என்று கேட்ட நண்பர்கள் பலர். தனித்தனியே விடையளிக்க இயலாமையால் இங்கு எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனவரிக் காலையில் விடுதிப் படியில் வழுக்கினேன். ஊன்றிய இடக்கை மணிக்கட்டில் முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு, கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு சிறிய வீழ்ச்சிக்கு ஏன் முறிந்தது என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு மாதம் கழித்து, இருமியபோது விலா எலும்பு ஒன்று முறிந்தது. அதன் பிறகே டெக்சா ஸ்கேன். ஒத்த வயதினரோடு ஒப்பிடும் இசட் மதிப்பு, முதுகெலும்பில் −2.9. −2.0 அல்லது அதற்குக் கீழ் என்றாலே வயதுக்குரிய அடர்த்தி இல்லை என்று பொருள்.

இளவயது எலும்புப்புரைக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு காரணம் ஒளிந்திருக்கும் என்றார் மருத்துவர். தைராய்டு, பாராதைராய்டு, ஸ்டீராய்டு, மாதவிடாய் என ஒவ்வொன்றாக விலக்கினார். இறுதியில் இரத்தப் பரிசோதனையும் சிறுகுடல் திசுப் பரிசோதனையும் சீலியாக் நோயைக் காட்டின. கோதுமையிலுள்ள குளூட்டனுக்கு எதிராக உடல் கிளர்ந்தெழுந்து, சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும் நோய் அது. தின்ற கால்சியம் உடலில் சேராது. ஆண்டுக்கணக்கில் மெஸ் உணவின் மீது பழிபோட்டு வந்த வயிற்று உப்புசத்துக்கும் இரத்தசோகைக்கும் அன்றுதான் பெயர் கிடைத்தது.

2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வை அப்போது படித்தேன். சீலியாக் நோய் வட இந்தியாவில் மிகுதி; தென்னிந்தியாவில் மிக அரிது. நோய்க்கு இடந்தரும் மரபணுக்களோ இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு. மரபணுவை ஊரிலிருந்து கொண்டுவந்தேன். மூன்று வேளை ரொட்டியைத் தில்லி தந்தது. வெயிலும் கைகொடுக்கவில்லை. தில்லியில் நலமாக இருப்போரிடமும் வைட்டமின் டி குறைவாக இருப்பதை 2000ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. நூலகத்தில் பகலைக் கழிப்பவருக்குச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, மருந்து. இங்குதான் ஆய்வாளர் என்ற பழக்கம் குறுக்கே வந்தது. ஆண்டுக்கொருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்தின் 2007ஆம் ஆண்டுப் பெரும் சோதனையில் பங்கேற்ற பெண்கள் 65 முதல் 89 வயதினர். ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாபின் 2009ஆம் ஆண்டுச் சோதனையில் 60 முதல் 90. இரண்டும் மூன்றாண்டுச் சோதனைகள். அந்த மாதிரிக்குள் நான் இல்லை. என் எலும்பு இன்னும் ஐம்பது ஆண்டுகள் என்னைத் தாங்க வேண்டும். ‘நீண்டகாலச் சிகிச்சை’ என்ற சொல்லின் நீளம் எனக்கு வேறு.

சோலெட்ரோனிக் அமிலம் எலும்புக்குள் பல ஆண்டுகள் தங்கும். பின்னாளில் கருவுறும் எண்ணம் உடையவருக்கு அது சாதாரணச் செய்தியன்று. எனக்கு அந்த எண்ணம் உண்டு. டெனோசுமாப் தங்குவதில்லை, ஆனால் நிறுத்தினால் எலும்பிழப்பு வேகமெடுத்து முதுகெலும்புகள் முறியும் ஆபத்து உண்டு. உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத வாழ்க்கையில், தவணை தவறக்கூடாத மருந்தைத் தொடங்க அஞ்சினேன். நாள்தோறும் ஊசியாகப் போடும் டெரிபாராடைடு எலும்பைக் கட்டும். ஆனால் வழக்கமாக இரண்டு ஆண்டுகளே தருவார்கள். கட்டியதைக் காக்கப் பிறகு இன்னொரு மருந்து வேண்டும்.

மருத்துவரும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். முதலில் குடல் ஆறட்டும். வைட்டமின் டி குறைவு சரியாகட்டும். ஓராண்டு கழித்து மீண்டும் அளப்போம். இடையில் இன்னொரு முறிவு நேர்ந்தால் மருந்தைத் தள்ளிப்போடுவதில்லை.

காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே; அதற்கும் பக்கவிளைவு உண்டு. பேருந்துப் படியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அதை உணர்ந்தேன். ரொட்டி போயிற்று, ரவையும் சேமியாவும் போயின. அம்மா அனுப்பிய சாம்பார்ப் பொடியில்கூடக் கோதுமை மாவு கலந்த கூட்டுப் பெருங்காயம் இருந்தது. சர்க்கரைக்காகத் தான் சப்பாத்திக்கு மாறியதைப் பெருமையாகச் சொல்லும் அம்மாவுக்கு, கோதுமையும் ஒருவருக்குக் கேடு செய்யும் என்பதை நம்பப் பல மாதங்கள் ஆயின. இப்போது பொடியைத் தானே இடித்து, கேழ்வரகு மாவையும் சேர்த்து அனுப்புகிறார்.

சென்ற மாத ஸ்கேனில் −2.4. குணமாகவில்லை, ஆனால் சரிவு நின்று, ஏற்றம் தொடங்கியிருக்கிறது. மருந்து வேண்டாம் என்ற முடிவு இன்னும் ஓராண்டுக்கு மட்டுமே செல்லும்.

இது என் உடலுக்குரிய முடிவு, எவருக்கும் பரிந்துரையன்று. சிலருக்கு மருந்தை உடனே தொடங்குவதே சரியாக இருக்கும். மாணவ நண்பர்களிடம் வேண்டுவது ஒன்றே: நின்ற இடத்தில் விழுந்து எலும்பு முறிந்தால், கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஏன் முறிந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை நான் நான்கு மாதம் தாமதமாகக் கேட்டேன்.