சேறு காத்த கடிதம்

வானம் இருண்டால் நாம் முதலில் என்ன செய்வோம்? மாடிக்கு ஓடுவோம். கொடியில் கிடக்கும் துணியையும், பாயில் காயும் வடாமையும் வாரிக்கொண்டு இறங்குவோம். கல்லூரிக்குக் கிளம்பும் பெண்ணிடம், "குடை எடுத்துக்கொண்டாயா?" என்று வாசல்வரை வந்து கேட்போம். அப்படிப்பட்ட நாம், இங்கிலாந்தின் வடகோடியிலே, சாரல் முகத்தில் அடிக்க அடிக்க, பள்ளத்துக்குள் மண்டியிட்டு மண்ணைச் சுரண்டும் மாணவ மாணவிகளைப் பார்த்தால் பதறித்தான் போவோம்.

அந்த இடத்தின் பெயர் விண்டோலாண்டா. நியூகாசில் நகரிலிருந்து மேற்கே ரயிலேறி, ஹெக்ஸ்ஹாமில் இறங்கி, சாலை வழியே போகவேண்டும். வழியெல்லாம் புல்வெளிகளும் ஆட்டு மந்தைகளுந்தான். ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் கி.பி. 122-ல் கட்டத் தொடங்கிய நெடுஞ்சுவர், இந்தக் குன்றுகளின்மீது கடலுக்குக் கடல் 117 கிலோ மீட்டர் தூரம் ஓடுகிறது. சுவருக்குச் சற்றுத் தெற்கே இருப்பது விண்டோலாண்டா. சுவர் எழும்புவதற்கு முன்பே ரோமானியர் இங்கே கோட்டை கட்டிவிட்டார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இங்கே அகழ்வு வேலை நடைபெறும். கனடாவின் வெஸ்டர்ன் பல்கலைக் கழகத்திலிருந்துகூட மாணவர்கள் வந்து பயிற்சி பெற்றிருக்கிறார்கள். வேலை செய்தால் கூலி உண்டா என்று கேட்கிறீர்களா? அழகுதான்! தொண்டர்கள் தங்கள் கையிலிருந்து கட்டணம் செலுத்தியல்லவா சேருகிறார்கள்! கோடைக்காலம் என்றுதான் பெயர். கம்பளிச் சட்டை, அதன்மேல் மழைக்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். ராத்திரி மழை பெய்தால் காலையில் பள்ளம் குளமாகியிருக்கும். தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் கரண்டியைக் கையில் எடுக்க முடியும். அடியாழத்துக் கருஞ்சேற்றின் நாற்றமோ மூக்கைத் துளைக்கும்.

ஆனால், இந்த ஈரத்தைப் பழிப்பதற்கு முன் ஒரு விஷயம் கேளுங்கள். நம் வீட்டில் ஊறுகாயின்மேல் எண்ணெய் மிதக்க விடுகிறோம். எதற்காக? காற்றுப் படாமல் இருக்கத்தானே? இங்கே நடந்ததும் அதுதான். ஒரு படை போனதும், அடுத்து வந்தவர்கள் பழைய மரக் கட்டடங்களை இடித்து, களிமண்ணும் புற்கரணையும் பரப்பி, மேலே புதிதாகக் கட்டினார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள்! கீழே அகப்பட்டவை ஈரத்தில் ஊறிக் கிடந்தன. காற்று புகவில்லை, ஆகவே அழுகலும் அண்டவில்லை. தரையில் விரித்த பெரணி இலை இன்று தோண்டியெடுக்கும்போதும் பச்சை மாறாமல் வெளிவருகிறது. காற்றுப் பட்ட சில நிமிஷங்களில் கறுத்துவிடுகிறது. 5,000-க்கு மேற்பட்ட செருப்புகளும் பூட்ஸுகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றில் குழந்தைகளின் காலணிகளும் உண்டு. கோட்டை என்றால் சிப்பாய்கள் மட்டுமே என்று நினைத்திருந்தவர்களுக்கு, அந்தச் சின்னஞ்சிறு பாதங்கள் வேறு கதை சொல்லின.

1973-ல் ராபின் பர்லி என்னும் ஆராய்ச்சியாளருக்கு மரச் சீவல் போன்ற மெல்லிய துண்டுகள் கிடைத்தன. ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்தபோது உள்ளே மை எழுத்து! ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டதும் எழுத்து மங்கி மறைந்துவிட்டது. பிறகு அகச்சிவப்புக் கதிர்ப் படம் எடுத்துத்தான் அதை மீட்டார்கள். இதுவரை கிடைத்த ஏடுகள் 1,700-க்கு மேல். நம் ஓலைச் சுவடிக்கு ஈரம் எமன். இந்த மர ஏட்டுக்கோ ஈரமே காவல்!

அவற்றுள் ஒன்று, சகோதரிகளே, உங்களுக்காகவே காத்திருந்தது போன்றது. ஏறத்தாழ கி.பி. 100-ஆம் ஆண்டையொட்டி, கிளாடியா செவெரா என்ற பெண்மணி, விண்டோலாண்டாவின் படைத்தலைவர் மனைவி சல்பீசியா லெப்பிடினாவுக்கு அனுப்பிய பிறந்தநாள் அழைப்பு அது. செப்டம்பர் 11-ந் தேதி தவறாமல் வரவேண்டும், வந்தால்தான் அன்றைய தினம் இனிக்கும் என்கிறாள். தன் கணவரும் சிறு மகனும் நலம் விசாரித்ததாகவும் சொல்கிறாள். கடிதத்தை எழுதியது ஓர் எழுத்தர். கடைசி வரிகள் மட்டும் செவெராவின் சொந்தக் கையெழுத்து. லத்தீனில் ஒரு பெண் தன் கைப்பட எழுதி இன்று கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழமையானவற்றில் இதுவும் ஒன்று. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைப் பாதுகாக்கிறார்கள்.

இப்போது ஆராய்ச்சியாளர்களின் கவலை மழையைப் பற்றியதல்ல. மழை பொய்ப்பதைப் பற்றியது! பருவநிலை மாறி, மண் உலர்ந்து வெடித்தால், அந்த வெடிப்பு வழியே காற்று உள்ளே இறங்கும். 1,900 ஆண்டுகள் உறங்கிய தோலும் மரமும் எழுத்தும் யார் கண்ணிலும் படாமலே மக்கிப்போகும். அருகிலுள்ள மக்னா என்ற கோட்டையில் 2023-ல் ஐந்தாண்டு அகழ்வு ஒன்றைத் தொடங்கியதற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். மண்ணுக்குள் இன்னும் எத்தனை லெப்பிடினாக்களின் கடிதங்கள் காத்திருக்கின்றனவோ! மாணவர்கள் அவசரப்படுவதில் வியப்பென்ன?

என்றாவது அந்தப் பக்கம் போக வாய்த்தால், குடையை நம்பாதீர்கள். காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். நல்ல மழைக்கோட்டு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். தூறல் விழுந்தால் மட்டும் முகம் சுளிக்காதீர்கள். அங்கே ஒவ்வொரு துளியும் யாரோ ஒருத்தியின் கையெழுத்தை இன்னும் கொஞ்ச நாள் காப்பாற்றி வைக்கிறது.